ஓடி முடித்த பிறகு சட்டையைக் காட்டித் தோற்கடிக்கலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் அமெரிக்காவில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள், பள்ளித் தடகள அணியில் ஓடுகிறாள். மாவட்டப் போட்டியின் 4×400 மீட்டர் ரிலேயில் கடைசிச் சுற்று அவளுடையது. அணி இரண்டாவதாக வந்தது. அடுத்த கட்டத்துக்குப் போக அந்த இடம் போதும். கால் மணி நேரம் கழித்து அணியைத் தகுதி நீக்கம் செய்துவிட்டதாக மைக்கில் அறிவித்தார்கள். மூன்றாவதாக ஓடிய பெண் போன வருஷத்து வெள்ளை ஜெர்சி போட்டிருந்தாள், மற்ற மூவரும் புதிய நீல ஜெர்சி. புதியதில் அவள் அளவுக்குக் கிடைக்கவில்லை என்று கோச்தான் பழையதை எடுத்துக் கொடுத்திருக்கிறார். "ஓட்டத்தில் ஒரு தப்பும் இல்லை, சட்டைக்காகத் தண்டிப்பது நியாயமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அன்றிலிருந்து உங்கள் மகள் அந்தப் பெண்ணோடு பேசுவதில்லை என்பதையும் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ அந்தக் கடைசி வரியில்தான் உங்கள் கேள்வி இருக்கிறது என்று படுகிறது. உடைக்கு விதி வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை. விதி மீறப்பட்டால் அதற்கு யார் விலை கொடுப்பது, எந்த நேரத்தில் கொடுப்பது என்று கேட்கிறீர்கள்.

நான் கோவில்பட்டிப் பக்கம் பிறந்து, பள்ளியில் 800 மீட்டர் ஓடியவன். 2006 முதல் அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலம் ஒன்றில் பள்ளித் தடகளப் போட்டிகளுக்கு நடுவராகப் போகிறேன். வார நாட்களில் வேறு வேலை. வசந்த காலத்துச் சனிக்கிழமைகள் மைதானத்துக்கு. ஓட்டத்துக்கு முன் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வரிசையில் நிறுத்தி, எண்ணையும் உடையையும் சரிபார்த்து அனுப்பும் கூடாரம்தான் பெரும்பாலும் என் இடம். நான் சட்டம் படித்தவன் இல்லை. கீழே வழக்குகளைப் பற்றிச் சொல்வதெல்லாம் நடுவர் பயிற்சிக்காகவும் சொந்த அக்கறையிலும் படித்தவை. உங்கள் மகளின் போட்டியை நான் பார்க்கவில்லை. நீங்கள் எழுதியதை வைத்துத்தான் பேசுகிறேன்.

அமெரிக்கப் பள்ளி விளையாட்டு விதிகளை எழுதுவது இண்டியானாபோலிஸில் இருக்கும் மாநில உயர்நிலைப் பள்ளிச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு. 1920ல் தொடங்கியது. 50 மாநிலங்களின் சங்கங்களும் தலைநகர் வாஷிங்டனின் சங்கமும் அதில் உறுப்பு. கூட்டமைப்பு விதிப் புத்தகம் போடும், மாநிலச் சங்கம் அதை எடுத்துக்கொண்டு சில இடங்களில் தன் வசதிக்கு மாற்றிக்கொள்ளும். அதனால் உங்கள் மாநிலத்தின் இந்த வருஷப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் எதையும் பேச வேண்டும். ரிலேக்கான விதியின் சாரம் இதுதான்: நால்வரின் மேலுடையையும் பார்த்தவுடன் இவர்கள் ஒரே அணி என்று தெரிய வேண்டும். பிரதான நிறம், பள்ளியின் அடையாளம், நிறச் சேர்க்கை மூன்றும் அதைச் சொல்ல வேண்டும்.

இந்த விதிக்கு உயிருள்ள காரணம் இருக்கிறது. 4×400ல் பேட்டன் (ஓடுபவர்கள் கைமாற்றும் கோல்) கைமாறும் இடம் 20 மீட்டர் நீளம். அவரவர் தடத்திலேயே ஓட வேண்டும் என்ற கட்டுப்பாடு முடிந்த பிறகு எட்டு அணிகளும் ஒரே கொத்தாக வந்து சேரும். வாங்குகிறவர்கள் கையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள், கொடுத்து முடித்தவர்கள் தள்ளாடிக்கொண்டு குறுக்கே வருவார்கள். யாருடைய பேட்டன் எல்லைக்கு வெளியே மாறியது, யார் யாரை இடித்தது என்பதை ஓரிரு நொடியில் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் முகம் தெரியாது, எண் தெரியாது, நிறம்தான் தெரியும். மூன்று நீலத்துக்கு நடுவில் ஒரு வெள்ளை வந்தால், அதே மைதானத்தில் வெள்ளைச் சட்டை போட்ட வேறு பள்ளி ஒன்றும் இருந்தால், ஒரு தப்பைத் தவறான அணியின் தலையில் கட்டிவிட வாய்ப்பு உண்டு. ஆகவே உங்கள் மகளின் அணி மீறியதாகச் சொல்லப்படும் விதி, உடை விதிகளிலேயே அர்த்தமுள்ள ரகத்தைச் சேர்ந்தது. இதை நீங்கள் கேட்க விரும்பமாட்டீர்கள் என்று தெரியும். ஆனாலும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அர்த்தமுள்ள விதிகள் வேறும் உண்டு. பள்ளிக் கூடைப்பந்தில் ஜெர்சி எண்ணில் 6, 7, 8, 9 ஆகிய இலக்கங்கள் வரக் கூடாது என்று வெகுகாலமாக ஒரு விதி. கேட்டால் விசித்திரமாக இருக்கும். ஃபவுல் செய்தவரின் எண்ணை நடுவர் ஸ்கோர் மேஜைக்கு விரல்களால் காட்ட வேண்டும், ஒரு கையில் ஐந்து விரல்தான் இருக்கிறது, அவ்வளவுதான் காரணம். அமெரிக்கக் கால்பந்தில் ஹெல்மெட்டும் பல் காப்பும் இல்லாமல் களமிறங்கக் கூடாது என்பதற்கு யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். இப்படி நடுவரின் கண்ணுக்காக இருப்பவை, பிள்ளையின் உடம்பைக் காப்பதற்காக இருப்பவை போக, மூன்றாவதாக ஒரு கூட்டம் இருக்கிறது. பெரியவர்களின் ரசனைக்காகவும் பழக்கத்துக்காகவும் இருக்கும் விதிகள். தலைமுடி எவ்வளவு நீளம், கையில் என்ன நூல், உள்ளாடை எந்த நிறம் என்பது மாதிரி. என் இருபது வருஷ அனுபவத்தில் கண்ணீரில் முடிந்தவை பெரும்பாலும் இந்த மூன்றாவது ரகம்.

நானே செய்த ஒன்றைச் சொல்கிறேன். 2009 வசந்தம். அப்போது பள்ளித் தடகளத்தில் நகை அணியத் தடை. உயரம் தாண்டும் இடத்தில் என்னைப் போட்டிருந்தார்கள். ஒரு பெண், பதினாறு வயது இருக்கும், அன்றைக்கு அவள் வாழ்க்கையிலேயே அதிக உயரத்தைத் தாண்டினாள். பாயிலிருந்து எழுந்து கையை உயர்த்தியபோதுதான் கழுத்தில் நூல் மாதிரி மெல்லிய சங்கிலி வெளியே வந்தது. காலையிலிருந்து நான் அவளை நாலைந்து முறை பார்த்திருக்கிறேன். சட்டைக்குள் இருந்ததால் கவனிக்கவில்லை. விதிப்படி அவளை வெளியே அனுப்பினேன். சங்கிலி அவள் பாட்டியுடையதாம், கழற்ற மறந்துவிட்டாளாம். அவள் அழவில்லை. "நான் தாண்டினேனே?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் அப்போதும் பதில் இல்லை, இப்போதும் இல்லை. 2010ல் கலிஃபோர்னியாவில் கம்பு ஊன்றித் தாண்டும் ஒரு மாணவிக்கு இதைவிடப் பெரிதாக நடந்து நாடு முழுக்கப் பேசப்பட்டது. அவள் தாண்டியதும் லீக் பட்டமே கைக்கு வந்துவிட்டது என்று அவள் அணி நினைத்த நேரத்தில், அவள் மணிக்கட்டில் நட்புக்காகக் கட்டிய நூல் வளையம் இருப்பதை எதிரணிக் கோச் சுட்டிக்காட்டினார். தாண்டியது செல்லாமல் போனது, பட்டமும் போனது.

தடகளத்தில் அந்த நகைத் தடையை 2014ல் கூட்டமைப்பே எடுத்துவிட்டது. பல வருஷம் அந்த விதிக்குப் 'பாதுகாப்பு' என்று காரணம் சொல்லிவந்தோம். எடுத்த பிறகு நான் வேலை பார்க்கும் மைதானங்களில் சங்கிலியாலோ தோட்டாலோ ஒரு பிள்ளைக்கும் காயம் பட்டு நான் பார்த்ததில்லை. அது ஒரு மனிதனின் அனுபவம்தான், ஆய்வு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெண்ணை நான் வெளியே அனுப்பியது எந்த ஆபத்தையும் தடுக்கவில்லை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. (கால்பந்து, கூடைப்பந்து மாதிரி உடம்போடு உடம்பு மோதும் விளையாட்டில் நகை வேறு விஷயம். காதுத் தோடு விரலில் மாட்டிக் கிழிந்ததைப் பார்த்திருக்கிறேன். அங்கே தடை இருப்பதை நான் ஆதரிக்கிறேன்.)

2019 செப்டம்பரில் அலாஸ்காவின் ஆங்கரேஜில் நடந்தது உங்கள் விஷயத்துக்கு மிக நெருக்கம் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 17 வயது நீச்சல் வீராங்கனை ஒருத்தி 100 கெஜம் ஃப்ரீஸ்டைலில் வென்றாள். நீச்சலுடை பின்புறத்தைப் போதுமான அளவு மறைக்கவில்லை என்று நடுவர் அவளைத் தகுதி நீக்கம் செய்தார். அந்த உடை பள்ளி கொடுத்தது. அணியில் மற்ற பெண்களும் அதே உடையைத்தான் போட்டிருந்தார்கள். உடம்புவாகு வேறு என்பதால் அவள் மேல் மட்டும் அது வேறுமாதிரி தெரிந்தது. பள்ளி மாவட்டம் முறையிட்டது, சில நாட்களில் மாநிலச் சங்கம் முடிவை ரத்து செய்து வெற்றியைத் திருப்பிக் கொடுத்தது. ரத்துக்கு முக்கியக் காரணமாக இருந்தது என்ன தெரியுமா? உடை விதி தப்பு என்று அவர்கள் சொல்லவில்லை. அப்படி ஒரு குறை இருந்தால் போட்டிக்கு முன்பே கோச்சிடம் சொல்லித் திருத்த வாய்ப்புத் தர வேண்டும், அது நடக்கவில்லை, ஆகவே விதியை நடைமுறைப்படுத்திய விதம் தவறு என்பதுதான். பள்ளி கொடுத்த உடை, முன்கூட்டிச் சொல்லாத நடுவர், முடிந்த பிறகு வந்த தண்டனை. உங்கள் மகளின் அணிக்கு நடந்ததும் ஏறக்குறைய இதே மூன்றுதான்.

அதற்கு அடுத்த மாதமே ஒஹாயோவில் இன்னொன்று. மாவட்ட அளவிலான 5 கிலோமீட்டர் ஓட்டத்தில் 16 வயதுப் பெண் ஒருத்தி 22 நிமிடம் 22 நொடியில் ஓடி முடித்தாள். முடிவுப் பலகையில் தன் பெயரைத் தேடினாள், காணவில்லை. ஹிஜாப் அணிய முன்அனுமதிக் கடிதம் வாங்கவில்லை என்று நீக்கியிருந்தார்கள். அந்தப் பருவம் முழுக்க அதே ஹிஜாபோடு ஓடியிருந்தாள், யாரும் ஒன்றும் சொன்னதில்லை. இதில் மனதைப் பிசைவது, ஓட்டத்துக்கு முன்பே விஷயம் கோச்சுக்குத் தெரிந்திருந்தது என்பதுதான். அவள் மனம் கலங்கிவிடக் கூடாது என்று அவளிடம் சொல்லாமல் விட்டிருக்கிறார். நல்ல எண்ணம்தான். ஆனால் பெரியவர்களுக்குள் தெரிந்த ஒன்று அந்தப் பிள்ளைக்கு மட்டும் தெரியாமல் மூன்று மைல் ஓடவிட்டார்கள். 2020ல் நாஷ்வில்லில் 14 வயது வாலிபால் மாணவி ஒருத்தியை இதே முன்அனுமதி விதியைக் காட்டி ஆடவிடவில்லை. அடுத்த வருஷம் கூட்டமைப்பு வாலிபாலில் அந்த முன்அனுமதித் தேவையை நீக்கியது, வேறு விளையாட்டுகளும் பின்தொடர்ந்தன. ஒஹாயோவில் 2022ல் சட்டமே வந்தது. பெரியவர்கள் உலகிலும் இதே கதைதான். 2014ல் சீனாவின் வூஹானில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியக் கூடைப்பந்து அணியின் சீக்கிய வீரர்களைத் தலைப்பாகையைக் கழற்றச் சொன்னார்கள். 2017ல்தான் உலகக் கூடைப்பந்து அமைப்பு அந்தத் தடையை முழுதாக எடுத்தது.

நம் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கோயில் கயிறு, மூக்குத்தி, காது குத்திய புதுசில் போட்ட தோடு என்று என் கூடாரத்துக்கு வரும் தமிழ்ப் பெற்றோர் பலர் இருக்கிறார்கள். கூட்டமைப்பின் பல விளையாட்டு விதிகளில் மதச் சின்னத்தை டேப் போட்டு உடைக்குள் ஒட்டிக்கொண்டு ஆடலாம் என்று இருக்கிறது. கயிறு அதில் அடங்குமா என்பதை ஒவ்வொரு நடுவரும் ஒவ்வொரு மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். பருவம் தொடங்கும்போதே கோச் மூலம் மாநிலச் சங்கத்திடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆட்ட நாளில் வாதாடி ஜெயித்தவரை நான் பார்த்ததில்லை.

நியூ ஜெர்சியில் 2018 டிசம்பர் 19 அன்று நடந்ததையும் விட முடியாது. ஒரு கறுப்பின மல்யுத்த மாணவனிடம் ஜடாமுடியை மறைக்கும் உறை விதிப்படி இல்லை என்று நடுவர் சொன்னார். முடியை வெட்ட வேண்டும் அல்லது ஆட்டத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அரங்கத்தின் நடுவில், எல்லோரும் பார்க்க, கத்தரிக்கோலால் முடியை வெட்டினார்கள். அவன் போய் ஆடி, கூடுதல் நேரத்தில் வென்றான். வென்ற பிறகு அவன் முகத்தில் இருந்ததை வீடியோவில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அந்த நடுவர் இரண்டு பருவம் நிறுத்திவைக்கப்பட்டார். முடி அமைப்பை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் சட்டத்தில் அந்த மாநில ஆளுநர் சரியாக ஒரு வருஷம் கழித்து அதே டிசம்பர் 19ல் கையெழுத்திட்டார். இங்கே நடுவர் முன்கூட்டிச் சொல்லத்தான் செய்தார். ஆனால் சொன்ன நேரத்தில் அந்தப் பையனுக்குக் கண்ணியமான வழி எதுவும் மிச்சம் இல்லை. முன்கூட்டி என்றால் திருத்திக்கொள்ள அவகாசம் இருக்க வேண்டும். அது ஒரு நாளாகவும் இருக்கலாம், ஒரு சட்டை மாற்றும் நேரமாகவும் இருக்கலாம், ஆனால் உண்மையான அவகாசமாக இருக்க வேண்டும்.

நீதிமன்றங்கள் இதை எப்படிப் பார்க்கின்றன என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் 1982ல் சிகாகோவில் இருக்கும் ஏழாவது மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. யூதப் பள்ளி மாணவர்கள் தலைக்குல்லாவைக் கொண்டை ஊசியால் குத்திக்கொண்டு கூடைப்பந்து ஆடினார்கள். குல்லா விழுந்தால் யாராவது வழுக்கி விழுவார்கள் என்று இல்லினாய்ஸ் சங்கம் தடுத்தது. நீதிமன்றம் இரண்டு பக்கத்தையும் நியாயமாகப் பார்த்தது. சங்கத்தின் பயம் உண்மையானது; மாணவர்களின் மதமோ தலையை மூடச் சொல்கிறதே தவிர, கொண்டை ஊசி குத்தச் சொல்லவில்லை. அப்படியானால் விழாமல் நிற்கும் ஒரு குல்லாவை மாணவர்கள் முன்மொழியட்டும், அது பாதுகாப்பாக இருந்தால் சங்கம் ஏற்க வேண்டும் என்ற வழியைக் காட்டியது. 2014ல் அதே நீதிமன்றம் இண்டியானாவின் ஒரு பள்ளி வழக்கில், கூடைப்பந்து ஆடும் பையன்களுக்கு மட்டும் முடி நீளக் கட்டுப்பாடு, பெண்களுக்கு இல்லை என்பது பாலினப் பாகுபாடு என்றது. ஆக, நீதிமன்றம் தலையிடுவது மதம், இனம், பாலினம் வரும்போது. ஜெர்சி நிறம் போன்றவற்றில் பள்ளி விளையாட்டில் பங்கேற்பது அரசமைப்பு காக்கும் உரிமை ஆகாது என்பதே பெரும்பாலான நீதிமன்றங்களின் நிலை. இதனால்தான் வழக்கறிஞரைப் பார்க்கப் போகிறேன் என்று நீங்கள் எழுதியிருப்பது எனக்குக் கவலை தருகிறது. அதற்குக் கீழே வருகிறேன்.

"விதி விதிதான்" என்று சொல்பவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று ஒதுக்கிவிட வேண்டாம். அவர்கள் பக்கத்தில் பலமான வாதம் ஒன்று இருக்கிறது. நடுவர் ஒரு பிள்ளைக்கு இரக்கப்பட்டுக் கண்ணை மூடினால், அதே விதிக்காகப் போன வாரம் இன்னொரு ஊரில் வெளியே போன பிள்ளைக்கு என்ன பதில்? இரக்கம் எல்லோர் மீதும் ஒரே அளவில் பாய்வதில்லை. தெரிந்த பள்ளி, மரியாதையாகப் பேசும் கோச், தன்னைப் போலவே இருக்கும் குடும்பம் என்றால் நடுவருக்குச் சீக்கிரம் மனம் இளகும். இதை நான் என்னிடமே பார்த்திருக்கிறேன். கண்டிப்பான விதி பலவீனமானவரைக் காப்பாற்றும் சந்தர்ப்பங்கள் உண்டு. உங்கள் மகளின் அணிக்குப் பின்னால் மூன்றாவதாக வந்த அணியையும் நினைத்துப் பாருங்கள். அந்த நான்கு பெண்களின் உடை சரியாக இருந்தது. அவர்கள் வீட்டிலும் அன்று ஒரு அம்மா மகிழ்ந்திருப்பார்.

ஆனாலும் கண்டிப்பு என்பதை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் எனக்கு அவர்களோடு சண்டை. கண்டிப்பை ஓட்டத்துக்கு முன் வையுங்கள். என் கூடாரத்தில் ஒரு பை இருக்கிறது. சேஃப்டி பின், டேப், கறுப்பிலும் வெள்ளையிலும் நீலத்திலும் எழுத்தில்லாத பனியன்கள், கத்தரிக்கோல் (நூல் வெட்ட மட்டும்). உடை சரியில்லாத பிள்ளையை நான் வரிசையில் விடமாட்டேன், அதில் யாருக்கும் சலுகை கிடையாது. ஆனால் போய் மாற்றிக்கொண்டு வா என்று அனுப்புவேன், கோச்சைக் கூப்பிட்டுச் சொல்வேன், சில சமயம் நால்வருக்கும் ஒரே நிறப் பனியனை மேலே மாட்டிவிட்டு அனுப்பியதும் உண்டு. வரிசையை விட்டு ஓடுதளத்துக்குப் போய்விட்டால், அந்த உடையை நான் பார்த்து அனுமதித்தேன் என்று பொருள். அதற்குப் பிறகு அதில் குறை கண்டால் அது என் குறை. கூட்டமைப்பின் தடகள விதியும் வருஷங்களாக இந்தத் திசையில்தான் நகர்ந்திருக்கிறது: முதலில் எச்சரிக்கை, உடையைத் திருத்திக்கொண்டு தொடர விடு, மறுபடி நடந்தால் நீக்கு என்று.

யார் சுமப்பது என்பதற்கு அமெரிக்கக் கால்பந்து நல்ல பதில் வைத்திருக்கிறது. ஆட்டத்துக்கு முன் தலைமைக் கோச் நடுவரிடம் தன் பிள்ளைகள் எல்லோரும் விதிப்படி உடுத்தியிருக்கிறார்கள் என்று வாய்விட்டு உறுதி சொல்ல வேண்டும். பிறகு வேண்டிய கவசம் இல்லாமல் யாராவது இறங்கினால் அந்த ஃபவுல் கோச்சின் பெயரில் எழுதப்படுகிறது. அணி இழப்பது கொஞ்சம் தூரம், ஆட்டத்தையே அல்ல. பதினைந்து வயதுப் பிள்ளை ஜெர்சி வாங்குவதில்லை, அளவு எடுத்து ஆர்டர் கொடுப்பதில்லை. பள்ளி கொடுக்கிறது, கோச் கொடுக்கிறார், அது போட்டுக்கொள்கிறது. வேண்டுமென்றே விதியை மீறிக் கோமாளித்தனம் செய்யும் பையன்களும் உண்டு. எச்சரித்த பிறகும் செய்தால் அவனைத் தண்டிப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. பெரியவர் கொடுத்ததைப் போட்டுக்கொண்ட பிள்ளையை அந்த வரிசையில் நிறுத்தக் கூடாது.

ரிலே என்பதால் நால்வருக்கும் தண்டனை என்பதில் மட்டும் என்னால் உறுதியாக ஒரு பக்கம் நிற்க முடியவில்லை. ஒருத்தி பேட்டனை எல்லைக்கு வெளியே வாங்கினால் நால்வரும் தோற்பதை நாம் ஏற்றுக்கொள்கிறோம், ரிலே என்றாலே அதுதான். அப்படியானால் உடைக்கும் ஏன் கூடாது என்று கேட்டால், பேட்டன் தப்பு ஓட்டத்துக்குள் நடக்கிறது, நேரத்தை மாற்றுகிறது. வெள்ளைச் சட்டை ஒரு நொடியைக் கூட மிச்சப்படுத்தவில்லை என்று சொல்வேன். ஆனால் நிறக் குழப்பத்தால் நடுவர்கள் உண்மையிலேயே ஒரு தப்பைப் பார்க்கத் தவறியிருந்தால்? அந்த ஒரு சந்தர்ப்பத்தில் முடிவை ரத்து செய்வதைத் தவிர வேறு வழி எனக்கும் தோன்றவில்லை.

இப்போது உங்கள் மகள் விஷயம். நீங்கள் எழுதியபடியே எல்லாம் நடந்திருந்தால், உடை விதியை மீறியது உண்மை, கோச் செய்தது பிழை, ஓட்டத்துக்கு முன் சரிபார்த்தவர் செய்ததும் பிழை. இரண்டு பெரியவர்களின் பிழைக்கு நான்கு பெண்கள் விலை கொடுத்தார்கள். அது நியாயமில்லை என்று தயங்காமல் சொல்வேன். இதில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: வரிசையில் நிற்கும்போதோ, அன்றைக்கு முந்தைய சுற்றிலோ, யாராவது கோச்சிடம் இந்த ஜெர்சி கூடாது என்று சொன்னார்களா? சொல்லியும் அவர் அனுப்பியிருந்தால் நடுவர் மேல் தப்பு சொல்ல முடியாது, முழுப் பொறுப்பும் கோச்சுடையது. சொல்லாமல் முடிந்த பிறகு நீக்கியிருந்தால் அலாஸ்கா மாதிரி, விதியைப் பயன்படுத்திய முறையே தவறு என்று முறையிடலாம்.

முறையீடு பெற்றோர் வழியாகப் போகாது. கோச்சோ பள்ளியோதான் போட முடியும், பெரும்பாலும் அன்றே அதே மைதானத்தில். நடுவர் கண்ணால் பார்த்துத் தீர்மானித்த விஷயத்துக்கு மறுபரிசீலனை கிடைப்பது அரிது. விதியைத் தவறாகப் பயன்படுத்தினார் என்றால் கேட்பார்கள். அன்றே போடவில்லை என்றால், பள்ளியின் விளையாட்டு இயக்குநர் வழியாக மாநிலச் சங்கத்துக்கு எழுதுவது ஒன்றுதான் மிச்சம். வழக்குப் போடாதீர்கள் என்பது என் தனிப்பட்ட ஆலோசனை. 2014ல் ஓக்லஹோமாவில் ஒரு பள்ளி அமெரிக்கக் கால்பந்துக் காலிறுதியில் நடுவர்கள் விதியைத் தவறாகப் பயன்படுத்தி ஒரு டச்டவுனை (பந்தை எதிரணிக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் எடுத்த புள்ளிகளை) ரத்து செய்தார்கள். அந்த அணி 20-19 என்று தோற்றது. மாநிலச் சங்கமே மன்னிப்புக் கேட்டது. அப்படியும் ஆட்டத்தைத் திரும்ப நடத்தச் சொல்ல நீதிபதி மறுத்துவிட்டார். தப்பு ஒப்புக்கொள்ளப்பட்ட இடத்திலேயே கிடைக்காதது உங்களுக்குக் கிடைக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் கடிதம் எழுதுவதை வீண் என்று நினைக்காதீர்கள். மேலே நான் சொன்ன ஹிஜாப் விதி மாற்றங்கள் பாதிக்கப்பட்டவர்கள் விடாமல் கேட்டதால் வந்தவை. உங்கள் கடிதத்தில் கோபத்தைக் குறைத்து இரண்டே கேள்வி கேளுங்கள்: வரிசையில் நின்றபோது அந்த உடையை யார் பார்த்தார், பார்த்தவர் ஏன் சொல்லவில்லை?

அதைவிட அவசரமானது, மகள் பேசாமல் இருப்பது. கோச்சைப் போய்ப் பாருங்கள். அடுத்த பயிற்சி தொடங்கும் முன் நான்கு பெண்களையும் ஒன்றாக நிறுத்தி, "அந்த ஜெர்சியைக் கொடுத்தது நான்" என்று அவர் தன் வாயால் சொல்ல வேண்டும் என்று கேளுங்கள். நல்ல கோச் என்றால் நீங்கள் கேட்கும் முன்பே செய்திருப்பார். பலருக்குத் தோன்றுவதில்லை, சொன்னால் செய்வார்கள். அவர் மறுத்தால் உங்கள் மகளிடம் நீங்களே சொல்லுங்கள். அந்தப் பெண் தனக்குக் கொடுத்ததைப் போட்டுக்கொண்டு ஒரு முழுச் சுற்று ஓடினாள், பேட்டனைக் கீழே விடாமல் கொண்டுவந்து அவள் கையில்தான் கொடுத்தாள்.